ஏழு நாள் ஈரம் படக்கூடாது

முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.
ஒவ்வொரு டைலையும், கரணையின் பிடியால்,
விருந்தாளி கதவைத் தட்டுவதுபோல.
உள்ளே ஆள் இருந்தால் கெட்டியாகச் சொல்லும்.
இல்லையென்றால்
டொக்.
நூற்றுப் பதினெட்டில் ஒன்பது டொக்.
ஒன்பதையும் பெயர்த்துக் குழியை நிரப்பினேன்.

ஹிஹோனில் அன்று மழை.
ஹிஹோனில் மழை என்று எழுதுவது
கடலில் உப்பு என்று எழுதுவதுபோலத்தான்.
ஆனாலும் எழுதுகிறேன்,
பிரைமர் காய இரண்டு நாள் பிடித்ததற்கு
வேறு சாட்சி இல்லை.

கொத்தனார் கேட்ட கூலி
என் மூன்று மாதச் சம்பளம்.
பேக்கரியில் பின்னிரவெல்லாம் மாவு பிசைகிறவள் நான்,
குழைவு என் கைக்குத் தெரியும்
என்றுதான் வாளியில் கையை வைத்தேன்.
மாவு மன்னிக்கும்.
கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் பொறுமை, திரும்பி வந்துவிடும்.
மைக்ரோசிமெண்ட் முப்பது நிமிடம் பார்க்கும்,
பிறகு வாளியோடு சேர்ந்து கல்.
முதல் வாளி இப்போது பால்கனிக் கதவுக்கு முட்டு.

டைல்ஸ் பச்சை. வெந்து ஆறிப்போன பட்டாணியின் பச்சை.
எழுபத்து நான்கில்
கட்டிடம் முழுவதற்கும் ஒரே லாரியில் வந்திறங்கியதாம்.
ஏழு வருடம் அதைப் பார்த்தபடியே பல் தேய்த்தேன்.
அதன்மேல் வலை ஒட்டி,
ஒரு பூச்சு, உப்புத்தாள், இன்னொரு பூச்சு, உப்புத்தாள்.
புருவம் நரைத்து, மூக்கு நரைத்து
கண்ணாடியில் என்னைவிட வயதான யாரோ தும்மினாள்.
இடப்பக்கச் சுவரின் அடியில் வலை ஒரு முழம் போதவில்லை.
ஞாயிறு. கடை இல்லை.
வலை இல்லாமலே பூசினேன்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் பாலியூரித்தேன்.
டப்பாவில் எழுதியிருந்தது: ஏழு நாள் ஈரம் படக்கூடாது.

மூன்றாம் மாடி இடது, லௌரியானோ.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
எங்களுக்குள் இருந்த உறவெல்லாம்
கதவிடுக்கில் அவன் செருகிய இரண்டு துண்டுச்சீட்டு:
உங்கள் குளியல் என் கூரையில் சொட்டுகிறது.
உங்கள் குளியல் இன்னும் சொட்டுகிறது.
குழாயை மாற்றினேன். பதில் எழுதவில்லை.

துண்டும் சோப்பும் அக்குளில் இடுக்கி
அவன் கதவைத் தட்டியபோது
பழக்கதோஷம், ஒலியைக் கவனித்தேன்.
கெட்டி.
"நியேவெஸ், மேல்மாடி" என்றேன்.
"தெரியும், உப்புத்தாள்" என்றான்.
பத்து நாளாய் அவன் தலைமேல் தேய்த்திருக்கிறேன்.

அவன் குளியலறையில் அதே பச்சை.
ஒன்றுகூடப் பெயராமல்,
மூலை உடைந்த ஒரு டைலில்
யாருடையதோ சிவப்பு நகப்பூச்சு அடைத்து.
வெந்நீரில், வழித்தெடுத்த கண்ணாடிபோல் மின்னியது.
என் வீட்டில் ஒருநாளும் அது இப்படி மின்னியதில்லை.
அல்லது நான் துடைத்ததில்லை.

தலையில் நுரையோடு அண்ணாந்தேன்.
கூரையில் என் கறை.
காய்ந்த தேநீர் நிறம்,
அதைச் சுற்றிப் பென்சில் கோடு, கோட்டின்மேல் தேதி.
அதற்கு வெளியே இன்னொரு கோடு, இன்னொரு தேதி.
ஐந்து கோடுகள்,
ஆழம் குறித்த கடல் வரைபடம்போல.
கடைசித் தேதி, நான் குழாய் மாற்றிய வாரம்.
அதற்கப்புறமும் பார்த்திருக்கிறான்:
கோட்டுக்கு வெளியே சின்னதாக ஒரு சரிக்குறி.

ஆறு நாள் குளித்தேன். கறையைப் பற்றிக் கேட்கவில்லை.
நான்காம் நாள் பேக்கரியிலிருந்து
ஒரு ரொட்டி கொண்டுபோனேன், சற்றுக் கருகியது,
நல்லதெல்லாம் விற்றுவிட்டது.

எட்டாம் நாள் காலை
ஜன்னல் வெளிச்சம் சுவரை ஒட்டிச் சாய்ந்து வந்தது.
சாம்பல் நிறம், தையலே இல்லாத ஒரே சாம்பல்,
இடப்பக்கம் அடியில் மட்டும்
போர்வைக்குள் முழங்கால்போல்
சதுரம் சதுரமாய் அவை தெரிந்தன.

கீழே சொல்லியிருந்தேன்:
சொட்டினால் துடைப்பக் கட்டையால் ஒரு தட்டு.
ஷவரைத் திறந்தேன்.
நீர் உருண்டு உருண்டு ஓடியது.
ஒரு நிமிடம். மூன்று. ஐந்து.
தட்டு இல்லை.
பென்சிலோடு அண்ணாந்து நிற்கிறானோ,
துறைமுகத்துக்கே போய்விட்டானோ.
குழாயை மூடினேன்.
பிறகு, இன்னும் கொஞ்சம் பார்ப்போமென்று,
திறந்தேன்.